பாலையடி வெளியும் உன் பெரிய மாமாவும்

கிளிநொச்சி
ஞாயிறு பின்னேரம்

அன்பின் மச்சான்,

பொங்கலுக்கு நீ அனுப்பிய வாழ்த்துக்கு இன்னும் பதில் போடவில்லை. கோபியாதே. நெல்லு வெட்டு, அது முடிய அம்மாவின் கண் ஒப்பரேசன். இப்போது அவவுக்கு நல்லாத் தெரியுது. அரிசிக்குள் கிடக்கிற கல்லை எனக்கு முதல் கண்டுபிடிக்கிறா. உன் மகள் பல்கலைக்கழகம் போகிறாளாம் என்று கட்டையன் சொன்னான். அவன் சொன்னபடியால் நீயும் ஒருக்கால் எழுது, அப்போதுதான் நம்புவேன்.

விஷயத்துக்கு வாறன். பாலையடி வெளியைத் துண்டு போட்டு விற்கப் போகிறார்கள். உன் பெரிய மாமாவின் அந்த 14 ஏக்கர்தான். போன கிழமை மாட்டைச் சாய்த்துக்கொண்டு வரப் போனால், நாங்கள் கிளித்தட்டுக்குக் கோடு கீறுகிற இடத்தில் சிவப்புப் பெயின்ற் பூசின முளையொன்று நிற்கிறது. பொடியள் அதைச் சுற்றிச் சுற்றிப் பந்தடிக்கிறார்கள்.

வாசிகசாலையில் கூட்டம் வைத்தோம். ஒரேயடியாக வேண்டாம் என்று சொல்லத்தான் நான் போனேன். ஆனால் சின்னக்காவின் மருமகன் எழும்பிக் கேட்டான்: "கலியாணம் கட்டி நாலு வருசம், மாமியின் விறாந்தையில்தான் படுக்கிறம். அரசாங்கம் தந்த பேர்மிட் காணியை நினைச்சபடி பிரிக்க ஏலாது. சொந்த உறுதி இருக்கிற காணி விற்கிற இடத்திலதானே நாங்கள் வாங்கலாம்?" எனக்கு வாய் எழவில்லை. அவன் கேட்டது நியாயம். வீடு வரட்டும். கடைக்கார அண்ணையும் அதைத்தான் விரும்புகிறார். சின்னக்காவுக்குத்தான் கிணற்றுப் பயம். மலக்குழிக்கும் கிணற்றுக்கும் இடையில் போதிய தூரம் வேண்டும்; துண்டுக்கு இரண்டு பரப்பு, அதாவது ஏக்கரில் எட்டில் ஒரு பங்குதான் என்றால் பக்கத்து வளவுக் குழியையும் பார்த்து எங்கே கிணறு வெட்டுவது என்று கேட்டா. ஒருவரும் பதில் சொல்லவில்லை.

என்னை நித்திரை கொள்ள விடாதது காணியைத் துண்டு பிரித்துக் கீறின வரைபடம். ஒரு ஹெக்டேயருக்கு மேற்பட்ட காணியைப் பிரித்தால், வீதியைக் கழித்து 10 வீதத்தைச் சனத்தின் பொதுப் பாவனைக்கு ஒதுக்க வேண்டும். நகர அபிவிருத்தி அதிகார சபையின் விதி அது. ஒதுக்கியும் இருக்கிறார்கள், ஒன்றேகால் ஏக்கர் அளவில். எங்கே தெரியுமா? கீழ்ப்பக்கத் தாழ்வில். 2018 மார்கழி வெள்ளத்தில் இடுப்பளவு தண்ணீர் நின்ற இடம். மாரி முழுக்க அதில் கால் வைக்க ஏலாது. பிள்ளைகள் விளையாடுகிற மேட்டு நிலம் முழுக்க விற்பனைக்கு. பாலை மரம் 41ஆம் துண்டுக்குள் வருகிறது. வாங்குகிறவன் அத்திவாரம் வெட்ட முதல் அதைத்தான் தறிப்பான்.

மச்சான், அந்தப் பழத்தின் பால் ஒட்டி உதடு பிரியாமல் நீ தமிழ்ப் பாடம் வாசிக்க எழும்பின நாளை நினைத்துப் பார். அதை விடு. சண்டை முடிந்து 2010இல் நாங்கள் திரும்பி வரும்போது இந்தப் பக்கம் ஒரு கூரை இல்லை. எங்கள் காணி எதுவென்று அந்த மரத்தை வைத்துத்தான் அப்பா மட்டுக்கட்டினார். முதல் தறப்பாளுக்குக் கயிறு கட்டினதும் அதில்தான். கயிறு அறுத்த தழும்பு இன்னும் அடிமரத்தில் இருக்கிறது, விரல் வைத்தால் தெரியும்.

தாழ்வையும் அடைக்கக் கூடாது. குளம் நிரம்பி வான் பாய்ந்தால் அந்த வழியால்தான் தண்ணீர் இறங்கும். மதகு வைக்காமல் கிறவல் கொட்டி வீதியை உயர்த்தினால், மேற்பக்க வீடுகளுக்குள் ஏறும். அதனால் கூட்டத்தில் இப்படித்தான் கேட்டோம்: தாழ்வைத் தண்ணீருக்கு விடுங்கள், மரத்தடியைப் பிள்ளைகளுக்கு விடுங்கள். 86 துண்டில் ஒன்பது, பத்துக் குறையும். காணி பார்க்கிற தரகர் சிரித்தார், சொந்தக்காரருக்கு நட்டமாம்.

சொந்தக்காரர் உன்னைத் தூக்கி வளர்த்தவர். நாங்கள் எழுதின கடிதம் அவருக்குக் கிடைத்ததோ தெரியாது. அடுத்த மாதம் வரைபடம் அனுமதிக்குப் போகிறது, அதற்குப் பிறகு மாற்றுவது கஷ்டம். இந்தச் சனிக்கிழமையே அவர் வீட்டுக்குப் போ. போனில் கதைக்காதே, நேரில் போ. படமெல்லாம் உன் வட்ஸ்அப்புக்குப் போட்டிருக்கிறேன். 41ஆம் துண்டைப் பெரிதாக்கிக் காட்டு. ஊஞ்சல் கட்டின கொப்பு அவருக்கு மறந்திருக்காது.

அம்மா பனங்கட்டி கட்டி வைத்திருக்கிறா. உன் புது முகவரியை அனுப்பு.

உன்,
மாட்டுக்காரன்