கையெழுத்து வைக்க முதல்

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் எல்லாரும் சுகம். காலபோகம் வெட்டி முடிஞ்சுது, நெல்லு இன்னும் விக்கேல்லை. அம்மாவுக்குக் காய்ச்சல் மாறீட்டுது. உன்ர குரலைக் கேட்டுக் கன நாளாகுது எண்டு போனைத் தலைமாட்டில வைச்சுக்கொண்டு படுக்கிறா.

சவூதியில தம்மாமில நிக்கிற பக்கத்து வளவுப் பெடியன், நீ வேலை செய்யிற றிக்கை, அந்தக் கடலில கிணறு துளைக்கிற மேடையை, கரைக்கு இழுத்துக் கட்டியாச்சு எண்டு வீட்டை சொல்லியிருக்கிறான். நான் அதைப் பற்றிக் கேக்கேல்லை. ஒண்டு மட்டும் சொல்லுறன்: ராஜினாமாக் கடிதம் நீட்டினால் கையெழுத்து வைக்காதே. "பிறகு கூப்பிடுறம்" எண்டு சொன்னாலும் வைக்காதே. சவூதிச் சட்டப்படி வேலை முடியேக்க தாற பணம் முதல் 5 வருசத்துக்கு வருசம் அரை மாதச் சம்பளம், அதுக்கு மேல வருசத்துக்கு ஒரு மாதச் சம்பளம். உனக்கு 7 வருசம். கொம்பனி நிப்பாட்டினால் நாலரை மாதச் சம்பளம் வரும். நீயாய் விலகினால் அதில மூண்டில ரெண்டு பங்கு, மூண்டு மாதம்தான். கணக்குக் கடைசிச் சம்பளத்தில. கையெழுத்து வைக்காதே.

இது உன்ர வேலையில பிழை கண்டு வாறதில்லை, தம்பி. 2014 நடுவில எண்ணெய் பீப்பாய் 100 டொலருக்கு மேல, 2016 தொடக்கத்தில 30க்குக் கீழ. விலை விழுந்த கையோட முதல் வெளியில வந்தது துளையிடுற ஆக்கள்தான். 2020இலும் அதுதான் நடந்தது. 2024 ஜனவரியில சவூதி அரசு நாளுக்கு 13 மில்லியன் பீப்பாய் எடுக்கிற திறன் எண்ட இலக்கை விட்டு 12 போதும் எண்டது. பிறகுதான் கடல் றிக்குகளை நிப்பாட்டத் தொடங்கினவை. இரணைமடுக் குளத்தில தண்ணி குறைஞ்சால் சிறுபோகத்தைத்தான் வெட்டுவினம், வீட்டுக் கிணத்தை ஒருதரும் மூடமாட்டினம். அதுபோல எண்ணெய் வந்துகொண்டிருக்கிற கிணறு அண்டண்டைக்குக் காசு தரும். அதால உற்பத்திப் பக்கம், பழைய கிணறு திருத்துற வேர்க்ஓவர், கிணறு மூடுற வேலை எண்டு பார். கட்டாரில காஸ் வேலை பெருகுது.

பொசியெட் எண்ட கடல் வேலைப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ் 4 வருசம்தான் செல்லும். முடியமுதல் எண்டால் ஒரு நாள் மீள்பயிற்சி காணும். ஒரு நாள் பிந்தினாலும் மூண்டு நாளும் திரும்பச் செய்யவேணும். ஐ.டபிள்யூ.சி.எவ் எண்ட கிணத்து அழுத்தக் கட்டுப்பாட்டுச் சான்றிதழ் 3ஆம், 4ஆம் நிலைக்கு 2 வருசம். வேலையில இருக்கேக்க கொம்பனி கட்டும், பிறகு உன்ர கைக்காசு. திகதியைப் பார்.

மன்னார்க் கடலில காஸ் இருக்கெண்டு நம்பி வந்திடாதே. 2011இல கண்டது, இன்னும் கரைக்கு வரேல்லை.

இந்த ஒழுங்கையில கடலுக்குள்ள கிணறு துளைக்கத் தெரிஞ்சவன் நீ ஒருத்தன்தான். அதை எல்லாருக்கும் சொல்லித் திரியிறன். அப்பிடிப்பட்டவன் வீட்டுக்கு ஒரு சொல்லுச் சொல்லாமல் இருக்கலாமோ? காசு அனுப்பேல்லை எண்டு ஒருதரும் இங்க கேக்கேல்லை.

ஒப்பந்தத்தின்ர எல்லாப் பக்கத்தையும் கடைசிச் சம்பளச் சிட்டையையும் படமெடுத்து எனக்கு அனுப்பு. கையெழுத்து வைக்க முதல் அனுப்பு.

அப்பா
கிளிநொச்சி