லியோன் போகும் மீனாவுக்கு

அன்புள்ள மீனா,

உன் கடிதம் கிடைத்தது. ரகு ஓய்வு பெற்ற கையோடு இரண்டு பேரும் ஊர் சுற்றக் கிளம்பிவிட்டீர்களே, ரொம்ப சந்தோஷம். செப்டம்பரில் வருவதுதான் சரி. ஆகஸ்டில் வந்தால் நல்ல சாப்பாட்டுக் கடைகளில் பல, விடுமுறை என்று பலகை மாட்டிப் பூட்டிக் கிடக்கும்.

நீ அனுப்பிய ஹோட்டல் பட்டியலைப் பார்த்தேன். பார்-தியூ ஸ்டேஷன் பக்கத்தில் இருப்பதை விட்டுவிடு. பாரிஸிலிருந்து டிஜிவி என்ற அதிவேக ரயில் இரண்டு மணி நேரத்தில் அங்கே இறக்கிவிடும் என்பது வாஸ்தவம்தான். ஆனால் சுற்றிலும் அலுவலகக் கட்டடங்களும் ஒரு பெரிய மாலும்தான். சாயங்காலம் காலாற நடக்க ஒன்றுமில்லை. ரோன், சோன் என்ற இரண்டு ஆறுகளுக்கும் நடுவே நாக்கு மாதிரி நீண்டு கிடக்கிறதே, ப்ரெஸ்கில், அங்கே எடு. பெல்கூர் சதுக்கத்துக்கும் ஆம்பேர் மெட்ரோவுக்கும் இடையில் கிடைத்தால் யோசிக்காதே. சோன் பாலத்தைத் தாண்டினால் பழைய லியோன். அந்தப் பழைய பகுதியிலேயே தங்க உனக்கு ஆசை என்று தெரியும். படத்தில் அழகாகத்தான் இருக்கும். ஆனால் கல் பாவிய தெருவில் பெட்டியை இழுத்துப் போய், லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் மாடி ஏற உன் முழங்கால் ஒத்துக்கொள்ளுமா?

பதிவு செய்யும் முன் லிஃப்ட், ஏசி இரண்டும் உண்டா என்று கேள். சின்ன ஹோட்டல்களில் ஏசி இருக்கும் என்று நம்ப முடியாது, செப்டம்பரிலும் அங்கே புழுங்கும். டபுள் பெட் என்றால் பல இடங்களில் 140 சென்டிமீட்டர் அகலம்தான், ரகுவின் உடம்புக்கு இரண்டு தனிக் கட்டிலாகக் கேட்பதே உத்தமம். ஆளுக்கு இத்தனை என்று நகர வரி தனியாக வரும். காலை உணவை ஹோட்டலில் சேர்க்காதே, தெருமுனை பேக்கரியில் காபியும் க்ருவாஸானும் பாதி விலைக்கும் குறைவு.

சாப்பாடுதான் லியோனில் விஷயமே. பூஷோன் என்று சின்னச் சின்னக் கடைகள்: கட்டம் போட்ட மேஜை விரிப்பு, முழங்கை இடிக்கும் நெருக்கம், அடி தடித்த 46 செண்டிலிட்டர் பாட்டிலில் ஒயின். பாட்டில் நிறைந்த மாதிரி இருக்கும், பாதி கண்ணாடி! குடல், ஈரல் வகையறா அதிகம். நீ புகுந்து விளையாடலாம். ரகு முட்டையோடு நிறுத்திக்கொள்கிறவர், அவருக்குத்தான் கொஞ்சம் பார்க்க வேண்டும். லியோன் சாலட்டில் முட்டையோடு பன்றித் துண்டுகள் வரும், இல்லாமல் தரச் சொல். கெனெல் என்று கொழுக்கட்டை மாதிரி ஒன்று, அதில் பெரும்பாலும் பைக் மீன் இருக்கும், மேலே ஊற்றும் சாஸில் நன்னீர் இறால். மீன் போடாத கெனெலும் உண்டு, கேட்டுப் பார், ஆனால் சாஸையும் சேர்த்தே கேள். பூண்டும் மூலிகையும் கலந்த தயிர் மாதிரியான பாலாடைக்கட்டி ஒன்று தருவார்கள், செர்வெல் த கனூ. அதையும் ரொட்டியையும் வைத்தே அவர் சமாளித்துவிடுவார். கடைசியில் சர்க்கரை பூசிய பாதாம் போட்ட ரோஜா நிறப் பிரலீன் டார்ட், அதை மட்டும் விடாதே.

பெரிய சாப்பாட்டை மதியத்துக்கு வைத்துக்கொள். அதே சமையல்காரர், அதே அடுப்பு, மதிய ஃபார்முல், அதாவது ஒரே விலைக்கு இரண்டு மூன்று அயிட்டம் சேர்த்துத் தரும் சாப்பாடு மட்டும் 20 யூரோ சொச்சத்தில் முடியும். ராத்திரியில் அது தாராளமாக ஏறிவிடும். 12 மணிக்குத் திறந்தால் 2 மணிக்கு அடுப்பை அணைத்துவிடுவார்கள், நம் ஊர் நினைப்பில் மூன்று மணிக்குப் போய் நிற்காதே. ஞாயிறும் திங்களும் நிறையக் கடை மூடல், அதனால் செவ்வாய் முதல் வியாழன் வரை தங்குகிற மாதிரி வா. ஞாயிறுதான் வாய்க்கிறது என்றால் காலையில் சோன் கரையில் சேன்ட் அந்துவான் சந்தை இருக்கிறது, பழமும் சீஸும் வாங்கி ஒப்பேற்றலாம்.

ரூ மெர்சியேர் தெருவில் வாசலில் நின்று கூப்பிடுவார்கள், நாலு மொழியில் படம் போட்ட மெனு வைத்திருப்பார்கள். நான் அங்கே உட்கார மாட்டேன். கரும்பலகையில் நாலைந்து அயிட்டம் மட்டும் சாக்பீஸில் எழுதியிருக்கும் கடையாகப் பார். தண்ணீருக்கு ‘காராஃப் தோ’ என்று கேள், ஜாடியில் குழாய்த் தண்ணீர் தருவார்கள், காசு கிடையாது. பில்லில் சர்வீஸ் ஏற்கெனவே சேர்ந்திருக்கும், டிப்ஸ் உன் இஷ்டம்.

இங்கே நாங்கள் சௌக்கியம். சின்னவளுக்குப் பரீட்சை, வீடே கப்சிப். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் என்றாயே, நல்லபடியாக முடிந்ததா? தேதி முடிவானதும் சொல், ரயில் டிக்கெட்டை நானே எடுத்துவிடுகிறேன், கடைசி வாரத்தில் டிஜிவி விலை தாறுமாறாகும். வரும்போது உன் மாமியாரின் பருப்புப் பொடி கால் கிலோ.

அன்புடன்,
வசந்தி