கோப்பு உருவாகும் நாளிலேயே எங்களை அழையுங்கள்

பொதுச் சுகாதாரக் கொள்கைகளை வகுக்கும் அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். நோய்த்தடுப்புத் திட்டங்களின் பலனை மதிப்பிடும் ஆய்வாளர்களில் ஒருவனாக இதை எழுதுகிறேன். என் கோரிக்கை ஒன்றே. திட்டம் நடந்து முடிந்தபின் அதன் பலனை அளந்து தரும்படி எங்களை அழைக்கும் வழக்கத்தைக் கைவிட்டு, அது கோப்பாக உருப்பெறும் நாளிலேயே எங்களையும் உடன் அமர்த்திக்கொள்ள வேண்டுகிறேன்.

பிந்தி வரும் ஆய்வாளரால் பல கேள்விகளுக்கு விடை சொல்லவே இயலாது. திட்டம் தொடங்குமுன் நிலைமை எவ்வாறு இருந்தது என்பதை எவரும் அளந்திருக்க மாட்டார்கள். ஒப்பிட்டுப் பார்ப்பதற்குத் திட்டம் எட்டாத பகுதியும் எஞ்சியிராது. காய்ச்சல் குறைந்தது திட்டத்தாலா, அவ்வாண்டு மழை குறைந்ததாலா என்று கேட்டால் நேர்மையான ஆய்வாளர் மௌனமாகத்தான் இருக்க வேண்டும். நான் பங்கேற்ற ஒரு மதிப்பீட்டில் இதுவே நேர்ந்தது. நெடுநாள் உழைப்புக்குப் பின் 'உறுதியாகக் கூற இயலவில்லை' என்று எழுதிக் கொடுத்தோம். அதற்குள் அடுத்த கட்டத்துக்கான நிதி ஒதுக்கப்பட்டிருந்தது. அந்த வரியை எழுதிய வருத்தம் இன்னும் எனக்குள் இருக்கிறது.

இதற்கு மாறாக நடக்க முடியும் என்பதற்கு மெக்சிகோ சான்று. 1997-இல் அங்கே தொடங்கிய 'புரோகிரேசா' திட்டம், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, மருத்துவப் பரிசோதனைக்கும் தவறாமல் வரும் ஏழைக் குடும்பங்களின் தாய்மார்களுக்குப் பணம் வழங்கியது. எல்லா ஊர்களுக்கும் ஒரே நேரத்தில் திட்டத்தைக் கொண்டுசெல்ல இயலாத நிலையையே அதை வகுத்தவர்கள் ஆய்வுக்கு வாய்ப்பாக்கினார்கள். மதிப்பீட்டுக்கென எடுத்த 506 ஊர்களில் குலுக்கல் முறையில் 320 ஊர்கள் முதலில் பயன்பெற்றன. எஞ்சிய 186 ஊர்கள் பின்னர் சேர்க்கப்பட்டன. எவரையும் நிரந்தரமாக விலக்காமலேயே ஒப்பிடுவதற்கு வழி கிடைத்தது. 2000-இல் ஆட்சி மாறியபோதும் பெயர் மாற்றத்தோடு திட்டம் தொடர்ந்து விரிவடைந்தது. அதன் பலனைக் காட்டும் எண்கள் கைவசம் இருந்தது அதற்கு ஒரு முக்கியக் காரணமாகக் கூறப்படுகிறது.

குறை உங்கள் பக்கம் மட்டும் என்று நான் சொல்லவில்லை. கைக்குழந்தைகளைக் குப்புறப் படுக்கவைக்கும்படி பல நாடுகளில் பல ஆண்டுகள் அறிவுரை வழங்கப்பட்டது. அது திடீர் மரணத்துக்கான ஆபத்தைக் கூட்டுகிறது என்பதை, அதுவரை வெளியான ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்திருந்தால் 1970 வாக்கிலேயே அறிந்திருக்கலாம் என்று 2005-இல் வெளியான ஒரு மதிப்பாய்வு காட்டியது. மல்லாந்து படுக்கவைக்கச் சொல்லும் பிரச்சாரம் பிரிட்டனில் 1991-இல்தான் தொடங்கியது. அதன்பின் அத்தகைய மரணங்கள் வெகுவாகக் குறைந்தன. இடைப்பட்ட இருபது ஆண்டுகளில் அந்தச் சான்றுகளைத் தொகுத்து, எளிய மொழியில் எழுதி, உரியவர்களின் மேசையில் வைத்திருக்க வேண்டியவர்கள் ஆய்வாளர்களாகிய நாங்களே.

கொள்கை வகுப்போரிடம் நேர்காணல் நடத்திய 24 ஆய்வுகளைத் தொகுத்து 2002-இல் வெளியான ஒரு மதிப்பாய்வில், ஆய்வு முடிவுகள் பயன்படுவதற்கு உதவுபவையாக அதிகம் குறிப்பிடப்பட்டவற்றுள் இரு தரப்பாரின் நேரடித் தொடர்பும், முடிவுகள் உரிய நேரத்தில் கிடைப்பதும் இருந்தன. எழுபது பக்க அறிக்கையை அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

நெருங்கிப் பணியாற்றினால் ஆய்வாளரின் சுதந்திரம் பறிபோகுமோ என்ற அச்சம் எங்களுக்கும், பாதகமான முடிவு வெளிவந்து சங்கடம் விளையுமோ என்ற அச்சம் உங்களுக்கும் உண்டு. இரண்டுமே நியாயமானவை. முடிவு எதுவாயினும் இன்ன காலத்துக்குள் வெளியிடப்படும் என்பதைத் தொடக்கத்திலேயே எழுத்தில் ஒப்புக்கொண்டால் இரண்டும் பெருமளவு தணியும். நிதி, சட்டம், மக்களின் விருப்பம் ஆகிய அனைத்தையும் எடைபோட்டு முடிவெடுக்கும் பொறுப்பு உங்களுடையது. அதில் தலையிட நாங்கள் வரவில்லை. எதற்கு எவ்வளவு சான்று இருக்கிறது என்பதை மறைக்காமல் சொல்லவே இடம் கேட்கிறோம்.

ஆகவே, அடுத்த திட்டத்தின் வரைவு கையெழுத்துக்குச் செல்லுமுன் எங்களுக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். எந்தப் பகுதியில் முதலில் தொடங்குவது, எதை, எப்போது அளப்பது, என்ன முடிவு வந்தால் திட்டத்தை மாற்றுவது அல்லது நிறுத்துவது என்பவற்றை அன்றே சேர்ந்து எழுதி, இரு தரப்பும் கையொப்பமிடுவோம்.

இப்படிக்கு,
பொதுச் சுகாதார ஆய்வாளர் ஒருவர்