அழிப்பான் வேண்டாம், மாஸ்க் போதும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

குடும்பப் புகைப்படங்களைக் கணினியில் ஸ்கிராப்புக் (படங்களையும் அலங்காரங்களையும் ஒட்டி அமைக்கும் நினைவு ஏடு) பக்கங்களாக அமைப்பது குறித்துத் தங்கள் இணைப்பிதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். தாள், படம், நாடா, எழுத்து என ஒவ்வொன்றும் தனி லேயரில் (ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கப்படும் அடுக்கில்) இருக்க வேண்டும் என்று அது சொன்னது சரியே. ஆனால், வேண்டாத பகுதியை அழிப்பானால் அழித்துவிட்டு, முடிவில் எல்லா லேயர்களையும் இணைத்துச் சேமிக்கலாம் என்ற யோசனையை என்னால் ஏற்க முடியவில்லை.

1994-இல் வந்த போட்டோஷாப் 3.0 பதிப்பில்தான் அந்த மென்பொருளுக்கு லேயர் வசதி கிடைத்தது. அதற்கு முன் ஒரு படத்தின் மேல் இன்னொன்றை ஒட்டிப் பதித்துவிட்டால் அடியில் இருந்தது போனது போனதுதான். அழிப்பானை எடுப்பவர் அந்தப் பழைய நிலைக்கே திரும்புகிறார். அழிப்பானுக்கு மாற்று, லேயரின் எந்தப் பகுதி தெரிய வேண்டும், எது மறைய வேண்டும் என்பதைக் காட்டும் லேயர் மாஸ்க். அதில் கறுப்பு பூசிய இடம் மறையும். வெள்ளை பூசினால் மீண்டும் தெரியும். சாம்பல் பூசினால் மங்கலாகத் தெரியும். மூலப் படத்தில் ஒரு புள்ளிகூடக் குறையாது. இலவசமாகக் கிடைக்கும் கிம்ப் மென்பொருளிலும் இவ்வசதி உண்டு.

பட்டுத்தான் இதைச் சொல்கிறேன். என் அம்மாவின் பழைய படம் ஒன்றில் பின்னணியை நீக்கும்போது, நெற்றியோரத்து முடியிழைகளையும் சேர்த்து அழித்துவிட்டேன். பக்கத்தையும் ஜேபெக் கோப்பாக மட்டுமே வைத்திருந்தேன். கீழே எழுதிய ஆண்டு தவறு என்று பிறகு தெரிந்தபோது, திருத்துவதற்கு எழுத்து லேயரே இல்லை. ஜேபெக் வடிவம் லேயர்களைக் காப்பதில்லை. 12 அங்குலச் சதுரப் பக்கம் 300 பிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல்) அளவில் 3600-க்கு 3600 பிக்சல் ஆகிவிடுவதால், லேயர்களைக் காக்கும் போட்டோஷாப்பின் பிஎஸ்டி கோப்பு பெரிதாகத்தான் இருக்கும். ஆனாலும் அதைக் கட்டாயம் வைத்திருக்க வேண்டும்.

கட்டுரை தொடாத நிழலைப் பற்றியும் ஒரு சொல். வெளிச்சம் இடப்புறம் மேலிருந்து விழுவதாக வைத்துக்கொண்டால், எல்லா நிழலும் வலப்புறம் கீழேதான் விழ வேண்டும். தாளோடு ஒட்டிக் கிடக்கும் படத்துக்கு ஒடுங்கிய, அழுத்தமான நிழலும், சற்றே மேலெழும்பி நிற்கும் நாடாவுக்குத் தள்ளி விழும் மெல்லிய நிழலும் பொருந்தும். நிழலோடு சேர்த்தே வரையப்பட்ட ஆயத்த அலங்காரங்களைத் திருப்பினால் நிழலும் கூடவே திரும்பிவிடும். ஒரே பக்கத்தில் இரண்டு சூரியன்கள் இருப்பது போல் ஆகும். எனவே நிழலற்ற உருவத்தை எடுத்து, நிழலை நாமே சேர்ப்பது நல்லது.

இவை எல்லாவற்றிலும் எனக்கு மிகப் பிடித்தது, மேல் லேயரின் வெள்ளையை மறைத்துக் கருமையை மட்டும் அடியிலுள்ள படத்தோடு கலக்கும் மல்டிப்ளை கலப்பு முறை. பழைய கடிதம் ஒன்றை ஸ்கேன் செய்து, பழுப்பேறிய தாள் வெள்ளையாகும்வரை வெளிச்சத்தையும் கருமையையும் திருத்தும் லெவல்ஸ் கருவியில் சரிசெய்து, அந்த லேயரைப் படத்தின் மேல் வைத்து மல்டிப்ளைக்கு மாற்றினால், தாள் மறைந்து மை மட்டும் நிற்கும். எழுதியவரின் பேனா அழுத்திய இடமும் தயங்கிய இடமும் அப்படியே படத்தின் மேல் தெரியும். கணினி எழுத்துருக்கள் எதிலும் இது கிடைக்காது.

அடுத்த பகுதியில் மாஸ்க்கையும் நிழலையும் திரைப்படிமங்களுடன் விளக்கி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். முதல் கட்டுரையைப் படித்து அழிப்பானை எடுத்தவர்கள், தங்கள் மூலப் படங்களுக்கு இன்றே ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும் என்பதையும் அதில் சேர்த்து வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்