மெசானாவில் வைத்த முதல் அடி

அன்புள்ள சண்முகம்,

பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்று எழுதியிருந்தாய், படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. இங்கே அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை சொட்டு மருந்து விட வேண்டும். இடைப்பட்ட நேரமெல்லாம் எனக்கு ரோமாபுரிதான்.

ரோமர்கள் திட்டம் போட்டுத்தான் கடல் தாண்டினார்கள் என்று நீ எப்போதும் சொல்வாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கி.மு. 264-இல், இத்தாலியின் தென்முனைக்கு எதிரே இருக்கும் சிசிலித் தீவின் மெசானா நகரிலிருந்து உதவி கேட்டு ஆள் வந்தது. கேட்டவர்கள் யார்? அந்த ஊரையே வஞ்சகமாகப் பிடித்துக்கொண்ட கூலிப்படைக்காரர்கள். எதிர்க்கரையில், இத்தாலியின் ரீஜியம் நகரில் அதே அக்கிரமத்தைச் செய்த தங்கள் வீரர்களைச் சில ஆண்டுகளுக்கு முன்புதான் ரோம் தலை வெட்டித் தண்டித்திருந்தது. அதனால் செனட் தயங்கியது. ஆனால் வட ஆப்பிரிக்காவின் கடல் வல்லரசான கார்த்தேஜ் அங்கே காலூன்றிவிடுமோ என்ற பயம் ஒரு பக்கம், கொள்ளைப் பொருள் கிடைக்கும் என்ற ஆசை மறுபக்கம். மக்கள் சபை போகச் சொல்லிவிட்டது.

அப்புறம் கார்த்தேஜோடு 23 வருடம் சண்டை. ரோமிடம் சொல்லிக்கொள்ளும்படி கடற்படை இல்லை. கரை தட்டிய ஒரு கார்த்தேஜ் கப்பலைப் பார்த்துத்தான் தங்கள் கப்பல்களைக் கட்டினார்கள். கப்பல் தயாராகும்வரை தரையில் பலகை போட்டு, ஆட்களை வரிசையாக உட்கார வைத்து, தாளம் தவறாமல் துடுப்பு வலிக்கப் பழக்கினார்கள். அந்தக் காட்சி என் கண்ணை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது.

கி.மு. 241-இல் சிசிலிக்கு மேற்கே ஏகாடிஸ் தீவுகளுக்கருகே நடந்த கடற்போரில் ரோமர்கள் ஜெயித்தார்கள். அங்கே கடலடியிலிருந்து, எதிரிக் கப்பலை முட்டி உடைக்கும் வெண்கல மூக்குகளை நம் காலத்தில் எடுத்திருக்கிறார்கள். சிலவற்றில், சரிபார்த்து ஏற்றுக்கொண்ட ரோம அதிகாரியின் பெயர்கூட வார்த்திருக்கிறது!

சிசிலி இப்படித்தான் ரோமின் முதல் மாகாணமானது. பிறகு அதன் பெரும்பகுதி விளைச்சலில் பத்தில் ஒரு பங்கைக் கொடுத்தது. ஆனால் எனக்கு ஆறாதது சார்டினியாதான். சில வருடத்திலேயே, சம்பளம் கிடைக்காத கூலிப்படையின் கலகத்தில் கார்த்தேஜ் நொறுங்கிக் கிடந்த நேரம் பார்த்து, அந்தத் தீவையும் பிடுங்கி, மேலும் 1,200 டாலண்ட் (அந்தக் கால எடை அளவு) வெள்ளி கேட்டது ரோம். ரோமை மெச்சி எழுதிய கிரேக்க வரலாற்றாசிரியர் பாலிபியஸே அதை அநியாயம் என்கிறார். மெசானாவுக்காவது ஒரு சாக்கு இருந்தது, சண்முகம். இதற்கு என்ன இருந்தது?

சரி, அம்மா கூப்பிடுகிறாள், மருந்துக்கு நேரமாகிவிட்டது. உன் பதிலை எழுது.

அன்புடன்,
ராகவன்