ஓலை வாசிக்கும்போதே சொல்லுங்கள்: கடலோர ஊர்ப் பெரியவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஊர்த் தலைவர்களே, ஜமாஅத் பெரியவர்களே, பங்குத்தந்தையரே,

தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை நம் கரையில் உங்களுக்குத் தெரியாமல் ஒரு கல்யாணம் நடக்காது. கிறிஸ்தவக் கோயிலில் கல்யாண அறிவிப்பாக ஓலை வாசிக்கிறீர்கள், பள்ளிவாசலில் நிக்காஹ் பதிகிறீர்கள். அதனால்தான், கருத்தரிக்கும் முன்பே நம் பெண்களின் உடம்பைத் தேற்றுவது பற்றி அதிகாரிகளுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

நான் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். நாள் தள்ளி இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் நம் பெண்கள் பதிவுக்கு வருகிறார்கள். அதற்குள் முக்கியமான ஒன்று முடிந்துவிடுகிறது. குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக்குழாய், கரு உண்டான 28 நாளுக்குள் மூடிவிடும். அது ஒழுங்காக மூடுவதற்கு ஃபோலிக் அமிலம் தினமும் 400 மைக்ரோகிராம், கருத்தரிப்பதற்கு ஒரு மாதம் முன்பிருந்தாவது உடம்பில் சேர வேண்டும். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் ஊட்டச்சத்துப் பெட்டகம் நல்ல உதவிதான். ஆனால் அது கர்ப்பம் பதிந்த பிறகுதானே கைக்கு வருகிறது!

இரத்தசோகையும் அப்படியே. கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே இறங்கினாலே சோகை. எட்டில் இருக்கும் பெண்ணை மேலே கொண்டுவர மாதக்கணக்கில் இரும்புச்சத்து மாத்திரை வேண்டும். பாசி எடுக்கப் போகிறவள் விடியலில் வெறும் டீயோடு கடலில் இறங்குகிறாள். திரும்பி வந்து சாப்பாட்டோடும் டீ. சோற்றிலும் கீரையிலும் உள்ள இரும்பை உடம்பு எடுக்கவிடாமல் டீ தடுக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்வதில்லை.

எடையைப் பற்றி வீட்டுக்கு வீடு ஒரு பேச்சு. பிள்ளை பெருத்தால் ஆபரேஷன் என்று ஒரு மாமியார் சோற்றைக் குறைக்கிறார். இரண்டு உயிருக்குச் சாப்பிடு என்று இன்னொருவர் திணிக்கிறார். அளவான உடம்புள்ள பெண்ணுக்குக் கர்ப்பத்தில் 10 முதல் 12 கிலோ கூடினால் போதும். மெலிந்தவளுக்கு அதைவிடக் கூடுதலாகவும், முன்பே பருத்தவளுக்குக் குறைவாகவும் ஏறவேண்டும். பருத்த உடம்போடு கருத்தரித்தால் சர்க்கரையும் இரத்தக்கொதிப்பும் வரும் வாய்ப்பு அதிகம். கர்ப்பத்தில் பட்டினி கிடந்து இளைக்கக் கூடாது. எடையைச் சரியாக்கும் வேலையைக் கல்யாணத்துக்கு முன்பே தொடங்க வேண்டும்.

மீன் நம்மிடம் உண்டு. ஆனால் நல்லது ஏலத்துக்குப் போகிறது, மிச்சமும் ஆண்கள் தட்டுக்குப் போன பிறகே பெண்ணுக்கு. சாளை, சூடை, நெத்திலி அவளுக்கும் வையுங்கள். பெரிய சுறாவில் பாதரசம் கூடுதல், கர்ப்பத்தில் அது வேண்டாம். மீன்பிடித் தடையால் விசைப்படகுகள் கரையில் நிற்கும் 61 நாளில் உப்புக் கருவாட்டையே நம்பாமல் முட்டை, பயறு, முருங்கைக்கீரை சமைக்கட்டும்.

நான் கேட்பது ஒன்றுதான். கல்யாணம் பதியும்போதே பெண்ணை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள். எடை பார்த்து, இரத்தம் பார்த்து, எந்த மாத்திரையை எப்போது தொடங்குவது என்று கேட்டு வரட்டும். அந்தப் பரிசோதனைச் சீட்டு அவள் கையில் மட்டும் இருக்க வேண்டும். மாப்பிள்ளை வீட்டார் அதைக் கேட்கவோ, அதைக் காட்டிச் சம்பந்தத்தை முறிக்கவோ கூடாது என்று கூட்டத்தில் நீங்களே சொல்லிவிடுங்கள். நீங்கள் சொன்னால் கேட்பார்கள்.

இப்படிக்கு,
இந்தக் கரையில் செவிலியராக இருந்தவள்