அப்பாயிக்கும் ஒரு மெழுகுவத்தி

லாஸ் பான்யோஸ், லகூனா

அன்பு மகளுக்கு,

அப்பாயி காலமான அன்று அப்பா பிலிப்பைன்ஸில் யாருமில்லாமல் கிடந்தாரே என்று நீ இன்னமும் வருந்துவதாக அம்மா சொன்னாள். போனில் சொன்னால் பாதியில் குரல் தழுதழுத்துவிடும் என்பதால் எழுதுகிறேன். அன்று நான் தனியாக இல்லை அம்மா.

சென்ற ஆண்டு அக்டோபரில் புயலால் விமானங்கள் நின்றுவிட்டதும், கடைசிப் பிள்ளையான நான் என் அம்மாவுக்கு வைக்க வேண்டிய கொள்ளியை உன் பெரியப்பா வைத்ததும் உனக்குத் தெரியும். ஊரில் காலை 11 மணிக்கு எடுத்தபோது இங்கே பகல் 1.30. கைபேசியில் அதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தபோது பக்கத்து வீட்டு அம்மையார் வந்தார். அவரை நான் 'ஆத்தே' என்று அழைப்பது வழக்கம்; தகலோக் மொழியில் அக்கா என்று பொருள். 'நாகிகிராமாய் போ' என்றார். உங்கள் துக்கத்தில் நானும் பங்கு கொள்கிறேன் என்பதே அது. ஈற்றிலுள்ள 'போ', நம் பேச்சில் வரும் 'ங்க' போன்ற மரியாதைச் சொல்.

அவர் கையில் ஒரு கிண்ணம் இருந்தது. பாசிப்பயற்றைக் குழைய வேகவைத்து, பூண்டும் வெங்காயமும் வதக்கிப் போட்டு, முருங்கைக்கீரையை உருவிச் சேர்த்திருந்தார். வெள்ளிக்கிழமைகளில் இங்கே பல வீடுகளில் சமைக்கும் இந்தக் குழம்பில் இறாலோ பன்றித்தோல் வறுவலோ சேர்ப்பார்கள். நான் புலால் உண்ணாதவன் என்பதற்காக இரண்டையும் விட்டிருந்தார். துக்க வீட்டில் அடுப்பு மூட்ட மாட்டோம் என்று நான் அவரிடம் ஒருபோதும் சொன்னதில்லை. அவர்கள் 'மலுங்காய்' என்று சொல்லும் அந்தக் கீரையை வாயில் வைத்தபோதுதான் எனக்கு அழுகையே வந்தது.

இருட்டியதும் தெருவே வந்துவிட்டது. இறந்தவரைத் தனியே விடக்கூடாது என்று இரவெல்லாம் விழித்திருப்பதை 'லாமாய்' என்கிறார்கள். இங்கே உடல் இல்லை; இருந்தும் முற்றத்தில் நாற்காலிகளைப் போட்டு, காப்பியும் பிஸ்கோத்தும் வைத்து, சிலர் சீட்டாடவும் தொடங்கினார்கள். முதலில் எனக்கு அது மனத்துக்கு ஒப்பவில்லை. விடியும்வரை தூங்காமல் இருக்கத்தான் அந்த ஆட்டம் என்பது பிறகுதான் புரிந்தது.

உங்கள் அம்மா என்ன வேலை செய்தார் என்று ஒரு முதியவர் கேட்டார். திருவாரூர்ப் பக்கம் நடவு நட்டவர், ஐ.ஆர். 8 நெல் வந்த புதிதில் அதையும் நட்டவர் என்றேன். அவர் சீட்டுகளைக் கீழே வைத்துவிட்டார். 1960இல் இங்கே தொடங்கப்பட்ட, இன்று நான் வேலை பார்க்கும், நம் கும்பகோணத்து எம். எஸ். சுவாமிநாதன் 1982 முதல் 1988 வரை தலைமை இயக்குநராக இருந்த அதே சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் சோதனை வயல்களில் இளவயதில் கூலிக்கு நட்டவர் அவர். 1966இல் வெளியான அந்த நெல்லின் நாற்று அவர் கையிலும் இருந்திருக்கிறது. கட்டைவிரலையும் இரு விரல்களையும் குவித்துச் சேற்றில் அழுத்துவதுபோலக் காட்டி, 'இப்படித்தானே?' என்று கேட்டார். அப்பாயியின் கை அப்படித்தான் போகும்.

இங்கே ஓடும் ஜீப்னி என்னும் சிறு பேருந்தில் பின்னால் இருப்பவரின் கட்டணம் பயணிகளின் கைமாறி ஓட்டுநரிடம் போய்ச் சேரும் என்று முன்பு எழுதியிருந்தேன் அல்லவா, அதுபோலவே அன்று ஓர் உறை கைமாறி என்னிடம் வந்தது. இருபதும் ஐம்பதுமாகப் பெசோ நோட்டுகள். 'அபுலோய்' என்னும் இந்தப் பணத்தை வாங்க நான் கூசினேன். நம் ஊர் மொய்போல எழுதி வைத்துத் திருப்பித் தரலாம் என்று நினைத்து யார் எவ்வளவு என்று கேட்டபோது, ஆத்தே சொல்ல மறுத்துவிட்டார். பதினாறாம் நாள் காரியத்துக்கு ஊர் வந்தேனே, அன்று சமைத்த அரிசி அந்தப் பணத்தில் வாங்கியது. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

இந்த நவம்பர் 1 அன்று ஆத்தேயின் குடும்பத்தோடு கல்லறைக்குப் போனேன். அவருடைய கணவரின் கல்லறையைக் கழுவி, வரிசையாக மெழுகுவத்திகளை ஏற்றியவர், கடைசியில் ஒன்றை என் கையில் கொடுத்து, 'இது உங்கள் அம்மாவுக்கு' என்றார். காற்றில் இரண்டு முறை அணைந்தது. இரண்டு முறையும் அவரே ஏற்றினார்.

டிசம்பரில் நீ வரும்போது அப்பாயியின் படம் ஒன்று எடுத்து வா. ஆத்தே கேட்டிருக்கிறார்.

அன்புடன்,
அப்பா